கடைசி ரீலின் இருமல்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த தியேட்டரில் இருந்து தொலைபேசி வந்தது. பழைய புரொஜெக்டர்கள் இரண்டையும் கழற்றப் போகிறார்களாம். இனிமேல் படம் பெட்டியில் வராது, கம்பியூட்டருக்குள் வந்து இறங்குமாம். இரண்டில் ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் சும்மாவே தருவார்களாம். நான் அந்த இடத்திலேயே சம்மதித்திருப்பேன். பக்கத்தில் நின்ற என் மனைவி றோசலின் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

"அதை எங்கை வைக்கப் போறியள்? ஃபிரிட்ஜை வெளியிலை தள்ளிப்போட்டோ?"

நியாயமான கேள்விதான். நாங்கள் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஒரு சோபாவை மேலே ஏற்றுவதற்கே கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. புரொஜெக்டரோ நின்றால் என்னைவிட உயரம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அப்போதுதான் எங்கள் தேவாலயப் பங்கில் பலருக்கு நான் என்ன வேலை செய்தேன் என்பதே தெரியாது என்று விளங்கியது.

"அந்தோனி அண்ணை, நீங்கள் டாக்ஸி எல்லோ ஓட்டினனீங்கள்?" என்றார் ஒருவர்.

"இல்லை, படம் ஓட்டினனான்."

"படம் தன்ரை பாட்டிலை ஓடும்தானே. அதிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அதற்குப் பதில் அங்கே நின்றபடி சொல்லி முடிக்கக்கூடியது இல்லை. கோப்பியும் ஆறிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டருக்கு உதவியாக நாலைந்து வருடம் நின்றேன். பிறகு நாட்டு நிலைமை எல்லாரையும் கிளப்பியதுபோல எங்களையும் கிளப்பியது. மொன்றியலுக்கு வந்தபின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி தூக்கினேன். குளிர்காலத்தில் கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும் வேலை. பிரெஞ்சில் எனக்கு முதலில் தெரிந்த சொற்கள் எல்லாம் மரக்கறிகளின் பெயர்கள்தான்.

அந்தக் கடைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு நெட்டையான மனிதர் வருவார். எந்தக் காலநிலையிலும் கழுத்தில் டை இருக்கும். ஒருநாள் கக்கத்தில் ஒரு தட்டையான தகரப் பெட்டியோடு வந்தார். காசு எடுப்பதற்காகப் பெட்டியை மேசையில் வைத்து, அதன்மேல் நனைந்த செலரிக் கட்டை வைத்தார். நான் என்னை அறியாமலே செலரியைத் தூக்கிவிட்டேன்.

"படத்துக்கு ஈரம் ஆகாது, மிஸ்யூ" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "உள்ளே படம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?"

"நான் முன்பு படம் ஓட்டினவன்."

"திங்கட்கிழமை வா" என்று சொல்லி முகவரியைச் செலரி சுற்றியிருந்த தாளிலேயே எழுதித் தந்தார். அவர்தான் மிஸ்யூ பெல்மார். பழைய படங்களையும் நல்ல படங்களையும் மட்டுமே போடும் ஒரு சின்னத் தியேட்டரின் முகாமையாளர். அதன்பின் எனக்கு ஓய்வு கிடைக்கும்வரை அவர்தான் என் மேலதிகாரி.

திங்கட்கிழமை அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அடிபட்ட ஒரு படச்சுருளைச் சுற்றும் மேசையில் வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். நான் பருத்திக் கையுறையைப் போட்டு, படத்தின் இரு ஓரங்களையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விட்டு மெதுவாகச் சுற்றினேன். கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரிய முன்னரே விரலுக்குத் தெரியும். தடக்கிய இடங்களில் நிறுத்தி ஒட்டினேன். பாதி போனபோது திரும்பிப் பார்த்தேன். அவரைக் காணவில்லை. வரும்போது இரண்டு கோப்பியோடு வந்தார். வேலை கிடைத்துவிட்டது என்பதை அந்த இரண்டாவது கோப்பியில் இருந்து நானாகத்தான் ஊகித்துக்கொண்டேன்.

மிஸ்யூ பெல்மாருக்கு யாரையும் கூப்பிட்டுக் குறை சொல்லும் பழக்கம் கிடையாது. ஒவ்வொரு காட்சியிலும் முதற் கொஞ்ச நேரம் அவர் மண்டபத்தின் பின்சுவரோடு நிற்பார். நான் மேலே ஒப்பரேட்டர் அறையின் சிறிய கண்ணாடி ஜன்னலால் அவரைப் பார்ப்பேன். படம் ஒரு மயிரிழை மங்கலாக இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சத்தம் குறைந்தால் காதைச் சொறிவார். எல்லாம் சரியென்றால் சும்மா வெளியே போய்விடுவார். ஒருமுறை அவருக்கு உண்மையாகவே காது கடித்திருக்கிறது. நான் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையால் காதைப் பொத்தினாள்.

பனி கொட்டிய ஒரு மத்தியானம். ஒரேயொரு மூதாட்டி மட்டும் டிக்கெட் வாங்கி உள்ளே இருந்தார். நான் கீழே இறங்கி வந்து, "ஒருவருக்காக ஓட்டத்தான் வேண்டுமா, மிஸ்யூ?" என்று கேட்டேன்.

"ஏன், அவர் பாதி டிக்கெட்டா வாங்கினார்?" என்றார்.

அன்றைக்குத் திரைச்சீலை வழமைபோலத் திறந்தது, வழமைபோல மூடியது. அந்த மூதாட்டி போகும்போது மேலே என் ஜன்னலைப் பார்த்து மெர்சி என்று நன்றி சொன்னார்.

நான் சொல்ல வந்த சம்பவம் இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் நன்றாக வேலையில் ஊறிப்போயிருந்த காலத்தில் நடந்தது. அதற்கு முன் தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். பழைய படம் ஒரே சுருளாக வராது. இருபது நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்தாறு ரீல் வரும். இரண்டு புரொஜெக்டரிலும் மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். ஒரு ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் தோன்றி மறையும். உடனே மற்ற மெசினின் மோட்டாரைப் போடவேண்டும். இரண்டாவது வட்டம் வந்ததும் மாற்றவேண்டும். கீழே இருப்பவருக்கு மாறியதே தெரியக்கூடாது. மற்றது சத்தம். படத்தின் ஓரமாக ஒரு மெல்லிய நெளிகோடு ஓடும். அதற்குள் வெளிச்சம் போய்த்தான் சத்தம் ஆகிறது. பேச்சு, பாட்டு, மழை, இருமல் எல்லாம் அந்த ஒரே கோட்டுக்குள். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை வைத்திருக்க முடியாது.

அந்த வருடம் மாசி மாதத்தில் மிஸ்யூ பெல்மார் சாவைப் பார்த்துச் சிரிக்கும் பழைய ஆங்கிலேயப் படங்களாக ஒரு வாரம் போடத் தீர்மானித்தார். அதில் முக்கியமானது "அங்கிள் இஸ் கீப்பிங் வெல்". மாமா சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

கதை இதுதான். பெரிய வீட்டில் ஒரு பணக்கார மாமா கட்டிலில் கிடந்து இருமுகிறார். இந்த வாரம் தாண்டாது என்கிறார் டாக்டர். சொத்துக்காக மருமக்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து குந்துகிறார்கள். ஆனால் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அவர்களே ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். ஒருவன் சுவர்க்கடிகாரத்துக்கு இப்போதே உரிமை கொண்டாடி, அதைக் கழற்ற ஏணியில் ஏறி விழுகிறான். ஒருத்தி மாமாவின் கதவில் காது வைத்து இரவெல்லாம் நின்று குளிர் பிடித்துப் போய்ச் சேருகிறாள். ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் மாமா எழும்பிப் போகிறார். ஒவ்வொரு செத்தவீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அவருக்கு உடம்பு தேறுகிறது. கடைசி ரீலில் கடைசி மருமகனை அடக்கம் செய்யும்போது மாமாவுக்கு ஒரு பெரிய இருமல் வருகிறது. அது நிற்கவே நிற்காது. இப்போதுதான் போகப்போகிறார் என்று எல்லாரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள். குழி வெட்டுபவன் மெதுவாக அளவு நாடாவை வெளியே எடுக்கிறான். இருமல் திடீரென்று நிற்கிறது. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "தேநீர் ஆறிவிடும், வாருங்கள்" என்கிறார். படம் முடிந்தது.

நிகழ்ச்சி நிரலைத் தியேட்டர் கண்ணாடியில் ஒட்டிய சில நாட்களில், கைத்தடியும் சிவப்புத் தொப்பியுமாக ஒரு ஆங்கிலேய மூதாட்டி டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர்.

"இந்தப் படத்தை வெட்டி ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் டிக்கெட் வேண்டுமா?" என்று கேட்டார்.

மிஸ்யூ பெல்மார் ஓடிவந்து அவருக்குக் கதிரை போட்டார். பெயர் மிஸிஸ் பிம். நாற்பது வருடமாக இதே மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் இருக்கிறாராம். நாங்கள் அவர் வீட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். என்னையும் கீழே கூப்பிட்டார்கள். தேநீர் வந்தது. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் வேலையை மறந்து இருந்தோம்.

படத்தின் டைரக்டர் முன்னாள் பள்ளிக்கூட வாத்தியாராம். படப்பிடிப்பில் யாரும் சிரிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். சிரித்தவரை முற்றத்துக்கு அனுப்பிவிடுவாராம். கதை எழுதியவர் பகலில் ஒரு வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே முழுவதையும் எழுதினாராம். மாமாவாக நடித்தவர் நல்ல நடிகர். ஆனால் நோய் என்பதே அறியாத உடம்பு. அவருக்கு இரும வராது.

"பேச்சுக்கு முன் தொண்டையைச் செருமுவதுபோல இருமினார்" என்றார் மிஸிஸ் பிம். "டைரக்டருக்கு வேண்டியது படியால் இறங்கி, நடுவில் களைப்பாறி, திரும்ப மேலே ஏறும் இருமல். நான் எடிட்டிங் அறையில் உதவியாள். அந்த அறையில் கணப்பு கிடையாது. எனக்கு மாரி முழுக்க மார்ச்சளி. ஒருநாள் சுவருக்கு அப்பால் இருந்து டைரக்டர் கத்தினார். 'யார் அது? நிறுத்தாதே' என்றார். என்னை ஒரு அலுமாரிக்குள் கம்பளிகளோடு அடைத்து இருமவைத்துப் பதிவு செய்தார்கள். படம் முழுக்க மாமா இருமுவது நான்தான். ஒலிப்பதிவு செய்தவர் ஆர்தர் பிம். என்னை அந்த நிலைமையில் பார்த்த பிறகும் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டவர்."

காட்சி ஒரு வியாழக்கிழமை மாலை. லண்டனில் இருந்து படப்பெட்டிகள் செவ்வாய்க்கிழமை வந்திருக்கவேண்டும். பனிப்புயலில் விமானம் பிந்தி வியாழன் மத்தியானம்தான் வந்தன. ஐந்து ரீலையும் மேசையில் சுற்றி விரலால் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தன. முழுதாக ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் கொஞ்சம் ஓட்டிச் சத்தம் பார்த்தோம். கடைசி ரீல் செத்தவீட்டு பாண்டு வாத்தியத்தோடு தொடங்கியது. வாத்தியம் கணீரென்று கேட்டது. மிஸ்யூ பெல்மார் திருப்தியோடு கீழே போனார்.

றோசலினை நான் வற்புறுத்தித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குச் சளி.

"நான் வரேல்லை. இருமிக் குழப்பிப்போடுவன்" என்றாள்.

"படமே இருமல் படம்தானே. ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்களுக்குப் பகிடி. எனக்கெல்லோ வெக்கம்."

கடைசியில் கழுத்துச் சால்வையும் ஒரு பை இனிப்புமாக வந்து ஆறாம் வரிசையில் இருந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. மிஸிஸ் பிம் முன்வரிசையில், பக்கத்தில் அவருடைய மகள் ஹெலன். ஐம்பதைத் தாண்டிய அமைதியான பெண். தாய் வேலை செய்த படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

நான்கு ரீலும் வெண்ணெயில் கத்தி போலப் போயின. சனம் சிரித்த சிரிப்பு என் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ஐந்தாம் ரீலுக்கு மாற்றினேன். பாண்டு வாத்தியம் முழங்கியது. சவப்பெட்டி வந்தது. பாதிரியார் வாயைத் திறந்தார். பிரெஞ்சு வந்தது.

சனம் இதுவும் ஒரு பகிடி என்று நினைத்துச் சிரித்தது. பிறகு மாமா வண்டியில் இருந்தபடி பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் யாரோ டப்பிங் செய்த பிரதியின் கடைசி ரீல் எப்படியோ இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மேசையில் சுற்றிப் பார்க்கும்போது உருவம் ஒன்றுதான். நெளிகோடு என்ன மொழி பேசுகிறது என்று விரலுக்குத் தெரியாது. அதைவிட மோசம், அது பக்தி மிகுந்த காலத்து டப்பிங். மாமாவுக்கு யாரோ ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். "என் பேராசைதான் இவர்களைக் கொன்றது, ஆண்டவரே" என்று மாமா விம்மினார். முகமோ திரையில் கேக்குக்காகக் காத்திருக்கும் முகம்.

முன்வரிசையில் கைத்தடி தரையில் இடித்த சத்தம் கேட்டது.

"அவன் வருந்தவில்லை" என்றார் மிஸிஸ் பிம், எல்லாருக்கும் கேட்க. "அந்த மனிதன் தன் வாழ்நாளில் ஒரு நிமிடம்கூட வருந்தியது கிடையாது."

மிஸ்யூ பெல்மார் பின்சுவரில் இருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் வெளிச்சத்தை மூடி மெசினை நிறுத்தினேன். மண்டப விளக்கு எரிந்தது. அவர் முன்னே போய் இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டார். டிக்கெட் காசைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். அந்தப் படத்துக்காக அவர் எத்தனையோ பேருக்கு எழுதி அலைந்தது எனக்குத் தெரியும்.

அப்போது மிஸிஸ் பிம் எழும்பி நின்றார்.

"சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டச் சொல்லுங்கள். அந்த மைக்கை எனக்குத் தாருங்கள். அந்த ரீலை மூன்று மாதம் முன்னும் பின்னும் ஓட்டியவள் நான். எல்லாரும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்."

"மம்மி, உங்களால் மூச்சுப் பிடிக்க முடியாது" என்றார் ஹெலன்.

"முடியாவிட்டால் இந்தப் படத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்" என்றார் தாய். மண்டபம் கைதட்டியது.

நான் ரீலைக் கழற்றிக் கையால் பின்னுக்குச் சுற்றினேன். திரும்பக் கொழுவினேன். இந்த வேலையை நித்திரையிலும் செய்வேன், ஆனால் அன்று ஒவ்வொரு பற்சக்கரத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். கீழே திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு மிஸிஸ் பிம்மை இருத்தினார்கள். மிஸ்யூ பெல்மார் டோர்ச் லைட்டும் ஒரு கிளாஸ் தண்ணீருமாக அருகே நின்றார். சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து ஓட்டினேன்.

பாண்டு வாத்தியத்துக்கு வாயால் டொம் டொம் என்றார். சனம் சிரித்தது. பிறகு பாதிரியார் பேசினார், குழி வெட்டுபவன் பேசினான், மாமா பேசினார், எல்லாம் அவர்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல். உதடு திறக்கும்போது சொல் விழுந்தது, மூடும்போது முடிந்தது. நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்தப் பெரிய இருமல் வந்தது. திரையில் மாமா குனிந்தார். மிஸிஸ் பிம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திரும்ப முயன்றார். வெறும் காற்றுத்தான் வந்தது. இருபது நிமிடம் ஓயாமல் பேசி மூச்சு முடிந்துபோயிருந்தது. அவர் கையை நெஞ்சில் வைத்ததும் ஹெலன் கதிரையில் இருந்து பாதி எழும்பினார். மாமா சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஒரு மூச்சுக்கூட இல்லை.

அந்த அமைதிக்குள் ஆறாம் வரிசையில் இருந்து ஒரு இருமல் வந்தது.

கல்யாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேல். அந்த இருமலை எனக்குத் தெரியாதா? பாவம் றோசலின், படம் தொடங்கிய நேரம் முதல் சால்வையைக் கடித்து அடக்கி வைத்திருந்தாள். இனி முடியாது என்றபோது, அது படியால் இறங்கி, நடுவில் களைப்பாறி, திரும்ப மேலே ஏறியது. திரையில் மாமாவின் தோளும் அதற்கு ஏற்றபடி குலுங்கியது.

"அது யார்?" என்றார் மிஸிஸ் பிம் மைக்கில். "நிறுத்தாதீர்கள், தயவுசெய்து."

றோசலின் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும். இருமினாள். அவளுக்கு உதவியாகப் பின்வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு பக்கத்தில் ஒருவர். மாசி மாதத்து மொன்றியலில் இருமலுக்குப் பஞ்சமா? மண்டபம் முழுவதும் இருமியது. திரையில் தொப்பிகள் கழன்றன, அளவு நாடா வெளியே வந்தது. மாமா நிமிர்ந்தார். எல்லாரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள்.

"தேநீர் ஆறிவிடும், வாருங்கள்" என்றார் மிஸிஸ் பிம், மூச்சு வந்த குரலில்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. மிஸ்யூ பெல்மார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பழக்கதோஷத்தில் படத்தின் கூர்மையைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

வெளி மண்டபத்தில் மிஸிஸ் பிம் றோசலினின் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரிடம் காட்டினீர்களா?"

"அடுத்த கிழமை" என்றாள் றோசலின் கூச்சத்தோடு.

"அவசரப்பட வேண்டாம். அப்படி ஒரு இருமல் லேசில் அமையாது."

வீட்டுக்கு மெட்ரோவில் வந்தோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கியபின் றோசலின் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உண்மையாவே நல்லாவோ இருந்தது?"

"ஓம். நடிச்சவங்களைவிட நல்லா இருந்தது."

"பேந்தென்ன" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மிஸ்யூ பெல்மார் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் பதறிப்போய்ச் சரியான ரீலை அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு பின்னேரம் இன்னொரு காட்சி வைத்தோம். வியாழக்கிழமை வந்தவர்களில் கனபேர் திரும்ப வந்தார்கள்.

காட்சிக்கு முன் ஒப்பரேட்டர் அறைக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. அந்த ஒடுங்கிய படியால் மிஸிஸ் பிம் தனியாக ஏறி வந்திருந்தார். நான் கதிரையைத் துடைத்துக் கொடுத்தேன். மூச்சு வாங்கி முடியும்வரை இரண்டு மெசினையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரீல் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது. முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். நல்ல ஆங்கிலம்."

"கடைசி இருமலைக் கவனித்தீர்களா?"

"கவனித்தேன்."

"அதற்குள் ஒரு சிரிப்புக் கேட்டதா?"

எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"குழி வெட்டுபவன் நாடாவை எடுப்பான். அந்த இடத்தில் இருமல் ஒரு மூச்சு நிற்கும். அதற்குள் மிக மெதுவாக ஒரு ஆண் சிரிப்பான். அது ஆர்தர். அலுமாரிக்கு வெளியே இருந்து பதிவு செய்துகொண்டிருந்தவருக்கு அடக்க முடியவில்லை. டைரக்டருக்குத் தெரிந்தால் முற்றத்துக்கு அனுப்பியிருப்பார். நான் எடிட்டிங்கில் அதை வெட்டியிருக்கவேண்டும். வெட்டவில்லை. இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை."

கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"ஹெலனுக்கு ஒன்பது வயதில் ஆர்தர் போய்விட்டார். அவளுக்கு அப்பாவின் முகம் தெரியும், புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் ஞாபகம் இல்லை என்று சொல்வாள். அவர் வாழ்நாள் முழுக்க எல்லாருடைய குரலையும் பதிவு செய்தார். அவருடைய குரலை ஒருவரும் பதிவு செய்யவில்லை. அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"முடியும்" என்றேன். கூட்டினால் பழைய படத்தின் இரைச்சலும் சேர்ந்து கூடும். அதை நான் சொல்லவில்லை.

அந்தக் காட்சியில் நான் திரையைப் பார்த்ததைவிடக் கையைப் பார்த்ததுதான் அதிகம். ஐந்தாம் ரீலில் மாமா குனிந்தார். அரங்கில் இருந்த சிலர் வியாழக்கிழமை ஞாபகத்தில் தாங்களும் இருமத் தொடங்க, மிஸிஸ் பிம் திரும்பி விரலை உதட்டில் வைத்தார். உடனே அடங்கிவிட்டார்கள். அளவு நாடா வெளியே வந்தது. நான் சத்தத்தை உயர்த்தினேன். இரைச்சல் மழைபோல எழுந்தது. அதற்குள் ஒரு மனிதன், வாயில் அடக்கிய சிரிப்பு மூக்கால் தப்பியதுபோல, ஒரேயொரு தரம் சிரித்தான்.

மிஸிஸ் பிம் மகளின் காதில் ஏதோ சொல்வது மேலே இருந்து தெரிந்தது. ஹெலன் அசையவில்லை. படம் முடிந்து, விளக்குப் போட்டு, சனமெல்லாம் போன பிறகும் அவர் கதிரையிலேயே இருந்தார். பிறகு எழும்பி என் ஜன்னலைப் பார்த்தார்.

"அதை இன்னொரு தடவை கேட்கலாமா?"

பெட்டிகள் மறுநாள் காலை லண்டனுக்குப் போகவேண்டும். மிஸ்யூ பெல்மாரைப் பார்த்தேன். அவர் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து பின்சுவரோடு நின்றுகொண்டார். நான் ரீலைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தில் இருந்து ஓட்டினேன். வெறும் மண்டபத்தில் ஆர்தர் பிம் சிரித்தார். ஹெலனும் சிரித்தார், அழுதுகொண்டு. திரும்பச் சுற்றி மூன்றாம் தரம் ஓட்டினேன். அந்தத் தரம் ஹெலன் கண்ணை மூடிக் கேட்டார்.

நான்காம் தரத்துக்கு நான் சுற்றத் தொடங்கியபோது மிஸிஸ் பிம் கைத்தடியை உயர்த்தினார்.

"போதும், அந்தோனி" என்றார். "இதற்குமேல் ஆர்தரைத் திரைக்குக் கூப்பிட்டால் தன்னை நடிகன் என்று நினைத்துவிடுவார்."